நிலக்கரிக்கு முன் ஆள் கணக்கு: ஃப்ராஸ்ட்பங்க் விளையாட்டுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

கடந்த பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த என் அக்காள் மகன், பனியில் உறைந்த உலகில் ஒரு நகரத்தை நடத்தும் கணினி விளையாட்டான ஃப்ராஸ்ட்பங்கின் ஒன்பதாம் நாளில் திகைத்துப்போய் என்னைக் கூப்பிட்டான். "மாமா, நிலக்கரி நிறைய இருக்கு, சாப்பாடும் இருக்கு, அப்புறம் ஏன் எல்லாரும் சாகிறாங்க?" என்று கேட்டான். திரையைப் பார்த்தேன். கிடங்கில் நிலக்கரி இருந்தது உண்மைதான். ஆனால் நகரத்தில் முப்பத்தோரு பேர் நோயில் படுத்திருந்தார்கள். இருந்ததோ ஐந்து நோயாளிகளை மட்டுமே ஏற்கும் ஒரே ஒரு மருத்துவ நிலையம். சமையற்கூடத்தில் நிற்க ஆளில்லாததால், அவன் "சாப்பாடு" என்று சொன்னதெல்லாம் வேட்டையர்கள் கொண்டுவந்து போட்ட பச்சை இறைச்சியாகவே கிடந்தது.

அவன் செய்த தவற்றை நானும் செய்திருக்கிறேன். இந்த விளையாட்டில் கண்ணுக்கு முதலில் படுவது நிலக்கரி எண்ணிக்கை என்பதால், புதியவர்கள் நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் இங்கே தட்டுப்பாடான பொருள் மனிதர்களின் உழைப்பு நேரம். நிலக்கரி, உணவு, மருத்துவம், சட்டம் ஆகிய எல்லாமே அந்த நேரத்தைச் சேமிக்கவோ செலவழிக்கவோ பயன்படும் வழிகள்தான். பால்மரத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு (வருகைப் பதிவுக்கு) நின்றவர்களை எண்ணிப் பதிந்த கிராணியைப் போல, ஒவ்வொரு நாள் காலையிலும் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எத்தனை பேர் காய்ச்சலில் படுத்தார்கள் என்பதை முதலில் பார்த்துவிட்டு அடுத்த பொத்தானைத் தொடுபவர் பிழைத்துக்கொள்வார்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக: போலந்தின் வார்சா நகரத்தைச் சேர்ந்த 11 பிட் ஸ்டூடியோஸ் இதனை 2018 ஏப்ரல் 24 அன்று கணினிக்கு வெளியிட்டது, அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கும் வந்தது. கதை நடப்பது 1880-களின் கற்பனை உலகில். கிரக்கத்தோவா, தம்போரா ஆகிய எரிமலைகளின் வெடிப்பும் சூரியன் மங்கியதும் சேர்ந்து உலகம் முழுவதையும் பனிக்குள் தள்ளிவிட, லண்டனிலிருந்து தப்பி வந்த ஒரு கூட்டம் வடதுருவப் பள்ளம் ஒன்றில் நிற்கும் இராட்சத நிலக்கரி ஜெனரேட்டரைச் சுற்றிக் குடியேறுகிறது. அந்த இரண்டு மலைகளும் நம் பக்கத்து இந்தோனேசியத் தீவுகளில் உள்ளவை. தம்போரா 1815-இல் வெடித்த மறு ஆண்டில் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. கிரக்கத்தோவா 1883-இல் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள நீரிணையில் வெடித்தது. நடந்ததை வைத்து நடக்காததைக் கட்டியிருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கதை சற்று நெருடுகிறது.

தொடங்கும் முன்

முதன்மைக் கதையான நியூ ஹோம் என்பதையே தேர்ந்தெடுங்கள். மற்ற கதைகள் இதன் நெளிவுசுளிவுகள் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. கடினநிலையை மீடியம் என்றே வைத்துக்கொள்ளலாம். இக்கட்டுரையில் வரும் எண்களும் அந்த நிலைக்கு உரியவை. ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆட்டம் நிற்கும், ஆனால் கட்டளைகளைத் தொடர்ந்து இடலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஓடும் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் பலர். ஒவ்வொரு நாள் காலையிலும் ஆட்டத்தை நிறுத்தி, தனிப் பெயரில் ஒரு சேமிப்பு செய்துகொள்ளுங்கள். இங்கே ஒரு தவற்றின் விளைவு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால், தானாகச் சேமிக்கப்படும் கோப்பு பெரும்பாலும் தவறு நடந்த பிறகு உள்ளதாகவே இருக்கும்.

முதல் நாள்

உங்களிடம் எண்பது பேர் இருக்கிறார்கள்: ஐம்பது தொழிலாளர்கள், பதினைந்து பொறியாளர்கள், பதினைந்து குழந்தைகள். பொறியாளர்கள் தொழிலாளர் வேலையைச் செய்ய முடியும். ஆனால் மருத்துவ நிலையத்திலும் ஆய்வுப் பட்டறையிலும் தொழிலாளர்களை அமர்த்த முடியாது. ஆகவே கையில் உள்ள வளர்ந்தவர்கள் அறுபத்தைந்து பேர் என்பதே உங்கள் முதல் கணக்கு.

பள்ளத்தில் நிலக்கரி, மரப்பெட்டி, எஃகுச் சிதிலம் ஆகியவை குவியல்களாகக் கிடக்கும். ஒரு குவியலுக்குப் பதினைந்து பேர் வரை அனுப்பலாம். காலையிலேயே நிலக்கரிக்குப் பதினைந்து பேர், இரண்டு மரக்குவியல்களுக்கு முப்பது பேர், எஃகுக்குப் பதினைந்து பேர் என்று பிரித்துவிட்டு, மீதி ஐந்து பேரை எந்த வேலையும் கொடுக்காமல் விட்டுவைக்க வேண்டும். வேலை கொடுக்கப்படாதவர்கள்தான் பகலில் கட்டடம் எழுப்புவார்கள். மற்றவர்கள் வேலை முடிந்து வந்த பிறகே கட்டுமானத்துக்கு வருவார்கள். எல்லோரையும் குவியல்களுக்கு அனுப்பிவிட்டு, கட்டளையிட்ட கூடாரம் ஏன் எழும்பவில்லை என்று காத்திருப்பது புதியவர்களின் வழக்கம்.

முதலில் மரத்துக்கு இவ்வளவு பேரை அனுப்புவதற்குக் காரணம், தொடக்கத்தில் அடிக்கடி தீர்ந்துபோவது மரம்தான். பத்துப் பேர் தங்கும் ஒரு கூடாரத்துக்குப் பத்து மரம் வேண்டும். எண்பது பேருக்கு எட்டுக் கூடாரங்கள். கட்டடங்கள் சாலை மூலம் ஜெனரேட்டரோடு இணைந்திருக்க வேண்டும். சாலைக்கும் மரம் செலவாகும்.

எதை எங்கே கட்டுவது என்பதில் சிறிது நேரம் செலவிடுவது பிறகு பல நாள் வேதனையைத் தவிர்க்கும். நகரம் ஜெனரேட்டரைச் சுற்றி வளையம் வளையமாக அமைகிறது. தொடக்கத்தில் வெப்பம் உள்வளையங்களை மட்டுமே எட்டும். அந்த இடத்தைக் கூடாரங்களுக்கும் மருத்துவ நிலையத்துக்கும் ஆய்வுப் பட்டறைக்கும் ஒதுக்குங்கள். வேட்டையர் குடிலுக்கும் கிடங்குக்கும் வெப்பம் தேவையில்லாததால் அவற்றை வெளி விளிம்பில் தள்ளிவிடலாம். நான் முதல் முறை ஆடியபோது, வேட்டையர் குடில் பார்க்க அழகாக இருக்கிறது என்று ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே கட்டினேன். இரவு முழுவதும் வெளியே இருப்பவர்களின் வெறும் குடில் சூடாக இருந்தது. பிள்ளைகளின் கூடாரம் வெளியே உறைந்தது.

மாலைக்குள் ஆய்வுப் பட்டறை எழுந்துவிட்டால், எஃகுக் குவியலிலிருந்து ஐந்து பொறியாளர்களை மீட்டு அங்கே அமர்த்துங்கள். முதல் ஆய்வாகக் கண்காணிப்பு பலூனான பீக்கனைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். அடுத்தது ஹீட்டர், அதற்கடுத்து உறைந்த மரங்களை அறுக்கும் மரவாடி. தரையில் கிடக்கும் பெட்டிகள் சில நாட்களில் தீர்ந்துவிடும் என்பதால் மரவாடியை நாள் கடத்தக்கூடாது.

உணவு

ஒருவருக்கு நாளுக்கு ஒரு வேளைப் பொட்டலம் உணவு வேண்டும். வேட்டையர் குடில் ஒன்றுக்குப் பதினைந்து பேர் தேவை; அவர்கள் இரவில் போய் விடியலில் பதினைந்து பச்சை உணவோடு திரும்புவார்கள். சமையற்கூடம் ஒரு பச்சை உணவை இரண்டு பொட்டலங்களாக்கும். எண்பது பேருக்கு நாற்பது பச்சை உணவு வேண்டும் என்றால் மூன்று குடில்கள், அதாவது நாற்பத்தைந்து பேர், வேட்டைக்கே போய்விடுவார்கள். அறுபத்தைந்து பேரில் நாற்பத்தைந்து பேர் போனால் நிலக்கரி யார் அள்ளுவது?

இந்த இடத்தில்தான் சூப் சட்டம் உதவுகிறது. கஞ்சியில் தண்ணீரைக் கூட்டி ஊற்றுவது போன்றது அது: பத்துப் பச்சை உணவிலிருந்து இருபதுக்குப் பதிலாக இருபத்தைந்து பொட்டலங்கள் கிடைக்கும்; மக்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். சூப் இருந்தால் இரண்டே குடில்களின் முப்பது பச்சை உணவு எழுபத்தைந்து பேருக்குப் போதும். மீதி ஐந்து பேரின் பசியை, வெளியிலிருந்து கிடைக்கும் உணவைக் கொண்டு சில நாள் சமாளிக்கலாம். ஒரு கையெழுத்தில் பதினைந்து பேரின் உழைப்பு மிச்சமாகிறது என்பதால், நான் முதலில் இயற்றும் இரண்டு சட்டங்களில் இது எப்போதும் ஒன்றாக இருக்கும். மரத்தூளைக் கலக்கச் சொல்லும் இன்னொரு சட்டமும் உண்டு. அதை நான் தொடுவதில்லை, அதனால் வரும் வயிற்றுநோய் மறுபடியும் ஆள் கணக்கில்தான் வந்து விழும்.

வெப்பமும் நோயும்

மைனஸ் 20 டிகிரிக்கும் மைனஸ் 40 டிகிரிக்கும் உள்ள வேறுபாட்டை நம் உடம்பு அறியாது. பினாங்குக் கொடிமலை உச்சியில் மாலைக் காற்று அடித்தால் சால்வை தேடுகிறவர்கள் நாம். ஆகவே டிகிரியை நம்பாமல் வெப்ப வரைபடத்தை நம்புங்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு கட்டடமும் நீலத்திலிருந்து ஆரஞ்சு வரை ஒரு நிறத்தில் தெரியும். கூடாரம் நீலமாக இருந்தால் அங்கே தூங்குபவர் நாளை நோயாளி. வேலையிடம் நீலமாக இருந்தால் இன்று மாலையே நோயாளி.

திரையின் மேற்பகுதியில் வரப்போகும் நாட்களின் வெப்பநிலை ஏறி இறங்குவது காட்டப்படும். அடுத்த வீழ்ச்சி தெரிந்தவுடன், அது வருவதற்கு முன்பே ஜெனரேட்டரின் ஆற்றலை ஒரு படி கூட்ட வழி செய்திருக்க வேண்டும். வெறும் பனியில் குவியலை அள்ளுபவர்களைவிட, சேகரிப்பு நிலையம் எனப்படும் கேதரிங் போஸ்ட்டில் வேலை செய்பவர்களுக்குக் குளிர் குறைவு. அந்த நிலையம் ஒன்றில் பத்துப் பேர் நின்று சுற்றியுள்ள பல குவியல்களை ஒரே நேரத்தில் அள்ளலாம். இரண்டாம் நாளிலேயே இரண்டு நிலையங்களைக் குவியல்களுக்கு நடுவே அமைத்துவிட்டால், வெட்டவெளியில் ஆள் நிற்பது ஏறத்தாழ முடிந்துவிடும்.

மருத்துவ நிலையத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அக்காள் மகன் சறுக்கியது இங்கேதான். ஒரு நிலையத்துக்கு ஐந்து பொறியாளர்கள் வேண்டும். ஐந்து நோயாளிகளுக்கே இடம். நோயாளி வேலைக்குப் போகமாட்டார். இடமில்லாமல் காத்திருந்தால் நிலை முற்றிக் கடும் நோயாளி ஆகிவிடுவார். கடும் நோயாளியை இந்த நிலையத்தில் சாதாரணமாகக் குணமாக்க முடியாது. ஐந்தே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டால், அந்த ஐவரின் வேலையை மற்றவர்கள் செய்ய முடியாமல் நிலக்கரி குறைந்து, கூடாரம் குளிர்ந்து, அடுத்த பத்துப் பேர் படுப்பார்கள். வட்டி குட்டி போடுவது போல நோய் பெருகும் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட பிறகு நிலக்கரி எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. மூன்றாம் நாளுக்குள் இரண்டு மருத்துவ நிலையங்கள் இருக்க வேண்டும். ஆய்வு சற்றுத் தாமதமானால் ஆகட்டும்.

கடும் நோயாளிகளுக்கு இரண்டு சட்டங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஒன்று, மேம்பட்ட மருத்துவம் வரும்வரை அவர்களை உயிரோடு வைத்திருப்பது. மற்றொன்று, உறுப்பைத் துண்டித்துக் காப்பாற்றுவது. செயற்கை உறுப்பு கிடைக்கும்வரை அவர் வேலைக்கு ஆகமாட்டார். ஆள் கணக்கு மட்டும் பார்த்தால் எது மேல் என்பது உங்கள் ஆய்வு எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்தது. நான் முதல் வழியிலேயே போவேன், படுக்கைகளை இரட்டிப்பாக்கும் சட்டத்தையும் கூடவே இயற்றிக்கொள்வேன்.

சட்டப் புத்தகம்

ஒரு சட்டம் இயற்றிய பிறகு அடுத்ததற்குச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு முடிந்தும் கையெழுத்திடாமல் இருப்பது வீண். குழந்தைகளைப் பாதுகாப்பான வேலைகளுக்கு அனுப்புவதா, அவர்களுக்குக் காப்பகம் கட்டுவதா என்பதே முதல் கேள்வி. வேலைக்கு அனுப்பினால் உடனே பதினைந்து கைகள் கிடைக்கும். காப்பகம் கட்டினால் பின்னர் அவர்களை மருத்துவருக்கோ பொறியாளருக்கோ கையாளாகப் பழக்கலாம். தோட்டத்தில் பாட்டியோடு பால்மரம் வெட்டப் போய்ப் பள்ளிப் படிப்பை விட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் காப்பகத்தையே தேர்ந்தெடுப்பேன். இது கணக்கு சொன்ன முடிவு அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேலை நேரம் காலை 8 முதல் மாலை 6 வரை. அவசர வேலைச் சட்டம் ஓர் இடத்தில் 24 மணி நேரம் தொடர்ச்சியாக உழைக்க வைக்கும். அதன் பிறகு வரும் நீட்டித்த வேலைச் சட்டம் நாளை 14 மணி நேரமாக்கும். நீட்டித்த வேலையைக் குளிரில் நிற்பவர்களுக்கு அல்லாமல், சூடான பட்டறைக்குள் இருக்கும் பொறியாளர்களுக்கே முதலில் கொடுங்கள்: ஆய்வு வேகமாகும், யாரும் நோயில் விழமாட்டார்கள்.

திரையின் அடியில் நம்பிக்கை, அதிருப்தி என்று இரண்டு அளவுகோல்கள் உண்டு. நம்பிக்கை அடிமட்டத்துக்குப் போனாலும் அதிருப்தி உச்சத்துக்குப் போனாலும் உங்களைத் துரத்திவிடுவார்கள். மக்கள் ஏதாவது கேட்டால் வாக்குக் கொடுக்கலாம். ஆனால் காப்பாற்ற முடியாத வாக்கு, கொடுக்காத வாக்கைவிட மோசம். கூடாரங்களைச் சூடாக்கும்படி கேட்டால், குறித்த நாளுக்குள் எத்தனை கூடாரங்களைச் சூடாக்க முடியும் என்று வெப்ப வரைபடத்தில் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

வெளியே அனுப்புவதும் நிலக்கரியும்

பீக்கன் எழுந்தவுடன் ஐந்து பேர் கொண்ட தேடற்குழுவை அனுப்பலாம். ஐந்து பேரை இழக்கிறோமே என்று தயங்க வேண்டாம். அவர்கள் பனியில் தவிக்கும் ஆட்களையும், உணவையும், பெரிய இயந்திரக் கட்டடங்களுக்குத் தேவையான, நகரத்தில் உருவாக்கவே முடியாத ஸ்டீம் கோர்களையும் கொண்டுவருவார்கள். வருபவர்களில் பாதிப் பேர் நோயாளிகளாக இருக்கலாம் என்பதால், அவர்கள் வந்து சேருமுன் கூடாரமும் மருத்துவப் படுக்கையும் தயாராக இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் இந்தக் குழு கொண்டுவரும் ஒரு செய்தி நகரத்தின் நம்பிக்கையைச் சட்டென்று சரித்துவிடும். என்ன செய்தி என்று சொல்லி உங்கள் ஆட்டத்தைக் கெடுக்க மாட்டேன். அதற்கு முன் அளவுகோலை முடிந்தவரை உயர்த்தி வையுங்கள்.

நிலக்கரிக்குச் சுரங்கம், மரத்தைக் கரியாக்கும் சூளை, தரையை இடித்து நிலக்கரியை மேலே வரவழைக்கும் தம்பர் என மூன்று வழிகள் உண்டு. தம்பர் வெளியே தள்ளும் குவியலை அள்ளச் சேகரிப்பு நிலையத்தில் தனியே ஆட்கள் வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பலர் அதைக் கட்டுவார்கள். சுரங்கமே ஆளுக்குக் கூடுதல் நிலக்கரி தருவது என்பதால் நான் அதையே விரும்புகிறேன். ஜெனரேட்டரின் ஓவர்டிரைவ் பொத்தான் கூடுதல் வெப்பம் தரும். அழுத்தம் ஏறிக்கொண்டே போய் வெடிக்கவும் கூடும். அதைக் கதையின் முடிவில் வரும் பெரும் புயலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புயலில் வெப்பநிலை மைனஸ் 150 வரை இறங்கும், வேட்டையர்கள் வெளியே போக முடியாது. எனவே முன்கூட்டியே கிடங்குகளைக் கூட்டி, இறைச்சியைப் பச்சையாக விடாமல் பொட்டலங்களாக்கி அடுக்கி வைக்க வேண்டும். கூடாரங்களையெல்லாம் அதற்குள் குளிர் தாங்கும் வீடுகளாக மாற்றியிருப்பது நல்லது.

2024 செப்டம்பர் 20-இல் வெளிவந்த இரண்டாம் பாகம், எண்பது பேருக்குப் பதிலாக வட்டாரங்களையும் பேரவையையும் ஆளச் சொல்கிறது. முதல் பாகத்தை ஒருமுறையாவது முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.

சரிந்துகொண்டிருக்கும் நகரத்தை மீட்பது

முப்பத்தோரு நோயாளிகள் இருந்த அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் காலைச் சேமிப்பு இருந்தது, ஆனால் அவன் பின்னால் போக மறுத்தான். ஆட்டத்தை நிறுத்தினோம். பட்டறையை மூடி அதிலிருந்த பொறியாளர்களை வெளியே எடுத்து, உள்வளையத்திலிருந்த ஒரு காலிக் கிடங்கை இடித்து இரண்டாவது மருத்துவ நிலையத்தைக் கட்டினோம். எஃகு வேலையை முழுவதும் நிறுத்தி, நலமாக இருந்தவர்களில் ஐந்து பேரைச் சமையற்கூடத்துக்கு அனுப்பினோம். சேர்த்து வைத்திருந்த நிலக்கரியை எரித்து ஜெனரேட்டரை இரவும் பகலும் ஒரு படி மேலே வைத்தோம். அத்தனை நாள் அவன் கட்டிக்காத்த நிலக்கரி மூன்று நாளில் பாதியாயிற்று, அவனுக்கு மனம் ஆறவில்லை. படுக்கைகளை இரட்டிப்பாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டோம். அதற்குள் நான்கு பேர் இறந்துவிட்டார்கள், அதிருப்தி பாதியைத் தாண்டியது. பதினான்காம் நாள் காலையில் ஆறு பேர் மட்டுமே படுக்கையில் இருந்தார்கள். பட்டறையை மறுபடி திறந்து, விட்ட இடத்திலிருந்து மரவாடிக்கான ஆய்வைத் தொடங்கினான்.